கைக்கடிகாரமும் கணக்குக் கேட்கப்படும் நாளும்

  

வல்ல நாயன் அல்லாஹ்வைப் புகழ்ந்தும், கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லியும் தொடங்குகிறோம்.

நம்முடைய மக்கள் கடல் கடந்து பிழைக்கப் போவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. காயல்பட்டினத்திலிருந்தும், கீழக்கரையிலிருந்தும், நாகூரிலிருந்தும், அதிராம்பட்டினத்திலிருந்தும் நம் முன்னோர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சபுர் போனார்கள். 1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் வேலை பெருகியபோது, அவர்களுடைய பேரன்மார்கள் துபாய்க்கும் ஜித்தாவுக்கும் குவைத்துக்கும் போனார்கள். திரும்பி வரும்போது பெட்டியில் சேலையும் அத்தரும் வந்தன. கையில் கடிகாரம் வந்தது.

அந்நாளில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. நம் நாட்டில் 1961 முதல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் தயாரானாலும், கேட்டவுடன் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆகவே ஒரு சீக்கோவோ சிட்டிசனோ சபுராளியின் கையில் மின்னினால் அது ஊருக்கே செய்தியாயிற்று. இன்று அந்தத் தட்டுப்பாடு இல்லை. நேரம் பார்க்கக் கடிகாரமே வேண்டியதில்லை. சட்டைப்பையில் உள்ள கைப்பேசி நேரத்தையும் காட்டுகிறது, தொழுகை வக்தையும் சொல்லுகிறது. ஆனாலும் பல இலட்சம் ரூபாய் விலையுள்ள சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களை நம் இளைஞர்கள் விமான நிலையக் கடையிலும் வெளிநாட்டு அங்காடியிலும் வாங்குகிறார்கள். உம்ராவுக்குப் போனவர்களும் வாங்கி வருகிறார்கள். “ஹஸ்ரத், இது கூடுமா, கூடாதா?” என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. விலையுயர்ந்த கடிகாரம் என்பதனாலேயே ஒன்று ஹராமாகிவிடாது. ஹலாலான பொருள் என்பதனாலேயே அதை வாங்குவது எல்லோருக்கும் ஆகுமானதாகிவிடாது. எந்தப் பணத்தில் வாங்கினோம்? எந்த உலோகத்தை அணிகிறோம்? எந்த வழியாகக் கொண்டு வந்தோம்? எந்த உள்ளத்தோடு கட்டுகிறோம்? இந்த நான்கு கேள்விகளையும் தனக்குத்தானே கேட்டு, நான்குக்கும் கூசாமல் விடை சொல்ல முடிந்தவருக்கு அந்தக் கடிகாரம் ஆகும். ஒன்றில் தடுமாறினாலும் அதைக் கழற்றி வைப்பதே நலம்.

முதலில் ஆகுமான பக்கத்தைச் சொல்லிவிடுவோம். மார்க்கம் அழகுக்கு எதிரியல்ல. பெருமானார் (ஸல்) அவர்களின் சமூகத்துக்கு ஒருவர் மிகவும் பழைய ஆடையில் வந்தார். அவருக்குச் செல்வம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் உண்டு என்றார். அப்படியானால் இறைவன் தந்த அருட்கொடையின் அடையாளம் அவர் மீது தெரியட்டும் என்று நாயகம் அறிவுறுத்தினார்கள். அபூதாவூத், நஸயீ ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது.

நேரம் காட்டும் கருவியும் நமக்கு அந்நியமானதல்ல. தொழுகை குறித்த நேரங்களில் கடமையாக்கப்பட்டதாகத் திருமறையின் நிஸா அத்தியாயம் அறிவிக்கிறது. அந்த நேரங்களைக் கணிப்பதற்காகவே பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் அறிஞர்கள் நியமிக்கப்பட்டார்கள். திமிஷ்கின் உமைய்யா பள்ளியில் அப்பணியைச் செய்த இப்னு ஷாத்திர் என்ற வானியல் மேதை, 1371-இல் அப்பள்ளிக்கென ஒரு நுட்பமான சூரியக் கடிகாரத்தைச் செய்தார். நேரம் அறிவது நம் முன்னோருக்கு வணக்கத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

ஆனால் இலட்சக்கணக்கில் கொடுப்பது நேரத்துக்காகத்தானா? உள்ளதைச் சொல்வோம். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் சிறு படிகம் ஒன்று வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தை அளக்கிறது. சில நூறு ரூபாய்க் கடிகாரமும் மாதத்துக்குச் சில வினாடிகளே பிசகும். சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வச் சோதனையில் தேறிய இயந்திரக் கடிகாரத்துக்கோ, ஒரே நாளில் சராசரியாக 4 வினாடி பின்தங்கவும் 6 வினாடி முந்தவும் அனுமதி உண்டு. ஆக, கூடுதல் விலை கூடுதல் நேரத் துல்லியத்துக்கு அல்ல. வேலைப்பாட்டுக்கு ஒரு பங்கு; பெயருக்கு ஒரு பங்கு; பிறர் பார்ப்பதற்கு ஒரு பங்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளுக்கும் வருவோம்.

முதல் கேள்வி: எந்தப் பணம்?

சபுராளியின் சம்பளம் அவர் கைக்கு வருமுன்பே அதன் மீது பலருடைய உரிமை எழுதப்பட்டிருக்கிறது. விசாவுக்காக மச்சானிடம் வாங்கிய கடன் இருக்கிறது. விமானச் சீட்டுக்காக அடகு வைத்த ராத்தாவின் வளையல் இருக்கிறது. வாப்பாவின் மருந்துச் செலவு இருக்கிறது. நிக்காஹ் அன்று சபையில் ஒப்புக்கொண்டு இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கும் மஹர் இருக்கிறது. இவையெல்லாம் நிற்கும்போது வாங்கும் கடிகாரம் யாருடைய பணத்தில் வாங்கியது? கையில் கட்டியிருப்பவர் ஒருவர். விலை கொடுத்தவர்கள் பலர்.

கடன் சிறிய காரியம் என்று எண்ணவேண்டாம். ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, அவர் சில தீனார்கள் கடன்பட்டிருக்கிறார் என்று அறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கத்தாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே முன்னின்று தொழவைத்தார்கள். சில தீனார்களுக்கே இந்த நிலை என்றால், ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுக் கையில் இலட்சத்தைக் கட்டித் திரிபவர் தம் ஜனாஸாவை நினைக்கவேண்டாமா?

இன்னொன்று. கடன் அட்டையைத் தேய்த்து, மாதத் தவணைக்கு வட்டி கட்டி வாங்கும் கடிகாரம் நம் விவாதத்துக்கே வராது. வட்டியின் வாசல் மூடப்பட்டது. அதைத் திறந்து எடுத்த பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் பரகத்து இல்லை.

வீண்விரயம் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே அளவில்லை. ஃபுர்கான் அத்தியாயத்தில், செலவழிக்கும்போது அளவு கடக்காமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் நடுநிலையில் நிற்பதை அல்லாஹ் தன் நல்லடியார்களின் குணங்களில் ஒன்றாக எண்ணுகிறான். கடன் இல்லாத, ஜகாத்தை ஒழுங்காகக் கொடுக்கிற, உறவினரையும் ஏழைகளையும் கவனிக்கிற ஒரு வணிகருக்கு நல்ல கடிகாரம் நடுநிலையாக இருக்கலாம். வெயிலில் கட்டட வேலை செய்து ஆறு மாதச் சம்பளத்தைக் கொட்டும் தொழிலாளிக்கு அதே கடிகாரம் விரயமாகும். கடையில் விலைச்சீட்டு ஒன்றுதான். மறுமையின் கணக்கில் விலை வேறு வேறு.

இரண்டாவது கேள்வி: எந்த உலோகம்?

ஆண்களுக்குத் தங்கம் அணிவது ஹராம். இதில் நம் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு இல்லை. ஒருவர் விரலில் தங்க மோதிரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள். அது நரக நெருப்பின் கங்குக்கு ஒப்பானது என்று எச்சரித்தார்கள். பெருமானார் சென்ற பிறகு, அதை எடுத்து வேறு வகையில் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று மற்றவர்கள் சொன்னபோது, அல்லாஹ்வின் தூதர் எறிந்ததை ஒருபோதும் எடுக்கமாட்டேன் என்று அந்தத் தோழர் மறுத்துவிட்டார். முஸ்லிம் நூலில் வரும் இந்தச் செய்தியைக் கேட்ட பின்பும், மோதிரம் கூடாது, கடிகாரம் கூடும் என்று யார் சொல்ல முடியும்?

இங்கே பலர் பெயரில் ஏமாறுகிறார்கள். ‘வெள்ளைத் தங்கம்’ என்பது பிளாட்டினம் அல்ல; தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ கலந்து வெளிறச் செய்தது. ‘ரோஸ் கோல்ட்’ என்பது செம்பு கலந்த தங்கம். 18 காரட் என்று பொறித்திருந்தால் அதில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம்தான். நிறம் மாறியதால் சட்டம் மாறாது. எஃகுச் சங்கிலியின் நடுக் கண்ணிகள் மட்டும் உண்மையான தங்கமாக இருந்தாலும் ஆண் அணியலாகாது. பிளாட்டினம் தங்கமல்ல, அதற்கு இந்தத் தடை இல்லை. வெறும் பூச்சு மட்டும் என்றால், நெருப்பில் காட்டினாலும் தங்கம் தனியே திரண்டு வராத அளவு மெல்லியதைப் பயன்படுத்துவதை ஃபிக்ஹு நூல்கள் தடுக்கவில்லை. எனினும் பார்ப்பவர் தங்கம் என்று எண்ணும் பொருளை விலக்கிக்கொள்வதே பேணுதல்.

அன்பளிப்பாகத் தங்கக் கடிகாரம் வந்துவிட்டால் என்ன செய்வது? உமர் (ரலி) அவர்களுக்குப் பட்டு அங்கி ஒன்றைக் கொடுத்த நாயகம் (ஸல்) அவர்கள், அணிவதற்காக அதைத் தரவில்லை என்று விளக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் அதை மக்காவிலிருந்த தம் சகோதரருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே தங்கக் கடிகாரத்தை விற்றுப் பணமாக்கலாம். பெண்களுக்குரியதாக இருந்தால் மனைவிக்கோ மகளுக்கோ கொடுக்கலாம். பெண்களுக்குத் தங்கம் ஆகும். விரயம் அவர்களுக்கும் ஆகாது.

தோல் வாரையும் கவனியுங்கள். பதனிட்ட மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், முதலைத்தோல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. பன்றித்தோல் பதனிட்டாலும் சுத்தமாகாது. சில வார்களில் உட்புறம் அந்தத் தோல் வைத்துத் தைக்கப்படுவதுண்டு. அதைக் கட்டிக்கொண்டு தொழுதால் தொழுகையே கூடாமல் போகும். விலையைக் கேட்கும் வாய், வார் எதனாலானது என்றும் கேட்கட்டும்.

ஜகாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கான எஃகுக் கடிகாரத்துக்கு, அது எவ்வளவு விலையானாலும் ஜகாத் இல்லை. தங்கக் கடிகாரமோ அப்படியல்ல. ஹனஃபி மத்ஹபில் தங்கம் எந்த வடிவிலிருந்தாலும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பெண்களின் ஆகுமான நகைக்கு விலக்கு உண்டே தவிர, ஆண் தான் அணிவதற்கென்று வைத்திருக்கும் தங்கத்துக்கு விலக்கில்லை. மற்றத் தங்கத்தோடு சேர்ந்து 20 மித்காலை, அதாவது இக்காலக் கணக்கில் 85 கிராமை, எட்டி ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். 87.48 கிராம் என்று கணக்கிடும் உலமாக்களும் உண்டு. விலை ஏறும்போது விற்கலாம் என்ற நோக்கத்தோடே வாங்கி வைக்கும் கடிகாரம், எஃகாக இருந்தாலும் வியாபாரச் சரக்கு. ஆண்டு முடிவில் சந்தை விலையைக் கணக்கிட்டு ஜகாத் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது கேள்வி: எந்த வழி?

கடையிலிருந்து வீடு வரும் வரை மூன்று இடங்களில் ஷைத்தான் காத்திருக்கிறான்.

கடைத்தெருவில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று போலிக் கடிகாரத்தை நீட்டுகிறார்கள். போலி என்று தெரிந்தே வாங்கி, அசல் என்று காட்டிக்கொள்கிறவர் யாரை ஏமாற்றுகிறார்? தனக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டிக்கொள்பவரை, பொய்யையே ஆடையாக உடுத்தியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஊருக்கு வந்து அதையே அசல் விலைக்கு விற்பவரோ வெளிப்படையான மோசடிக்காரர்.

அடுத்தது வரி. துபாயில் 2018 முதல் பொருள்களின் மீது நூற்றுக்கு 5 வீதம் வரி உண்டு; சுற்றுலாப் பயணிக்கு, பொருளை நாட்டை விட்டு எடுத்துச் செல்லும் நிபந்தனையில் அது திருப்பித் தரப்படுகிறது. அங்கேயே வேலை பார்க்கும் ஒருவர், விசிட்டில் வந்த உறவினரின் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கி, வரியைத் திரும்பப் பெற்று, கடிகாரத்தைத் தாமே அங்கே கட்டிக்கொண்டால் அது என்ன? பொய் சொல்லிப் பெற்ற பணம். தொகை சிறிதாக இருக்கலாம், பொய் சிறிதல்ல.

மூன்றாவது நம் விமான நிலையம். பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு உண்டு. தீர்வைக்குரிய பொருள் இல்லாதவருக்குப் பச்சை, இருப்பவருக்குச் சிவப்பு. பச்சை வழியில் நடப்பதே, என்னிடம் ஒன்றுமில்லை என்று வாய் திறவாமல் சொல்லும் வாக்குமூலம். தீர்வையில்லாமல் எவ்வளவு கொண்டு வரலாம் என்ற வரம்பு அவ்வப்போது மாறும். புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிருந்து விலையுயர்ந்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறவர், போகும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி அத்தாட்சி வாங்கிக்கொண்டால் வரும்போது சிக்கலில்லை.

“சுங்கம் அதிகம்தானே, ஏய்த்தால் பாவமா?” என்று சிலர் வாதிடுகிறார்கள். வரி அதிகமா குறைவா என்பது வேறு விவாதம். பொய் சொல்வதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டைப் பெற்று அதன் எல்லையைக் கடக்கிறவர் அதன் ஒழுங்குகளுக்கு உடன்பட்டவர். உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. பிடிபட்டால் கடிகாரம் மட்டும் பிடிபடுவதில்லை. தாடியும் தொப்பியும் சேர்ந்தே பிடிபடுகின்றன. ஒருவருடைய பேராசைக்குச் சமுதாயம் முழுவதும் தலை குனிய நேர்கிறது.

ஊருக்கு வரும் அப்பாவியின் கையில், “தம்பி, இதைச் சும்மா கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடு” என்று கட்டிவிடுகிறார்களே, அது எல்லாவற்றிலும் கொடுமை. கொடுப்பவர் தம் ஆபத்தைப் பிறர் தலையில் வைக்கிறார். வாங்குபவருக்குப் பில்லும் தெரியாது, விலையும் தெரியாது. இளைஞர்களே! அமானிதம் சுமப்பது நன்மைதான். என்ன சுமக்கிறோம் என்று தெரியாமல் சுமப்பது அமானிதம் அல்ல. வெட்கப்படாமல் மறுத்துவிடுங்கள்.

நான்காவது கேள்வி: எந்த உள்ளம்?

பெருமானார் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள். மன்னர்களுக்கு எழுதும் கடிதங்கள் முத்திரையில்லாமல் ஏற்கப்படுவதில்லை என்று சொல்லப்பட்டபோது அதைச் செய்வித்தார்கள். அதன் கல்லை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பி அணிவார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அகிலத்துக்கே தலைவரின் மோதிரம் உள்ளங்கையை நோக்கியிருந்தது. நம்மவரோ சபையில் உட்கார்ந்ததும் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொள்கிறார்!

கோலமிட்ட ஆடை ஒன்றை அணிந்து தொழுத நாயகம் (ஸல்) அவர்கள், அதன் கோலம் தொழுகையில் தம் கவனத்தைத் திருப்பியது என்று அதைத் தந்த அபூ ஜஹ்மிடமே திருப்பியனுப்பி, கோலமில்லாத ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். தக்பீர் கட்டிய கையில் மின்னும் கடிகாரத்தைத் தொழுகையினூடே எத்தனை முறை பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும். நேரம் காட்ட வேண்டிய பொருள், தொழுகையின் நேரத்தைத் திருடலாமா?

இஹ்ராமில் கைக்கடிகாரம் கட்டலாம் என்றே உலமாக்கள் கூறுகிறார்கள். ஆனால் சிந்தியுங்கள். அரசனும் ஆண்டியும் அடையாளம் தெரியாதபடி இரண்டு வெள்ளைத் துணிகளில் அரஃபாத்தில் நிற்கும்போது, செல்வரைச் செல்வர் என்று காட்டிக்கொடுக்கும் ஒரே பொருளாக அது கையில் மின்னினால், இஹ்ராமின் நோக்கத்தில் ஓர் ஓட்டை விழவில்லையா?

பெருமை என்பது அழகாக உடுத்துவதல்ல. உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாக எண்ணுவதும்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே கடிகாரத்தைப் பார்த்து ஒருவருடைய பெருமையைத் தீர்மானிக்க நமக்கு உரிமையில்லை. கட்டியவரே தம்மைச் சோதித்துக்கொள்ளட்டும்: கடிகாரம் கட்டாத கையோடு ஸலாம் கொடுக்கும்போது உள்ளம் அதே மாதிரி மகிழ்கிறதா?

காரூனின் வரலாற்றைக் கஸஸ் அத்தியாயம் சொல்கிறது. அவன் தன் அலங்காரத்தோடு மக்கள் முன் வெளிப்பட்டான். உலக வாழ்வை நாடியவர்கள், அவனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கவில்லையே என்று ஏங்கினார்கள். அறிவு வழங்கப்பட்டவர்கள் அவர்களை எச்சரித்தார்கள். பின்னர் அவன் வீட்டோடு பூமிக்குள் புதைந்தபோது, ஏங்கியவர்கள் தாம் தப்பியதை உணர்ந்தார்கள். இதில் காரூனுக்கு மட்டுமல்ல பாடம். பார்த்து ஏங்கியவர்களுக்கும் பாடம். சபுராளி ஒருவர் கடிகாரத்தோடு தெருவில் நடக்கிறார். வெயிலில் அவர் பட்ட பாடும், ஓர் அறையில் பத்துப் பேர் படுத்த இரவுகளும் அவர் கையில் தெரிவதில்லை. மின்னுகிற கடிகாரம்தான் தெரிகிறது. அதைப் பார்த்த பையன் படிப்பை விடுகிறான். நிலத்தை விற்று விசா வாங்கு என்று உம்மாவை நச்சரிக்கிறான். அந்தக் குடும்பத்தின் கண்ணீரில் கடிகாரம் கட்டியவருக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியுமா?

இல்லத்தரசிகளே! இதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. வந்தவர் என்ன கொண்டு வந்தார் என்று கேட்குமுன், கடனில் எவ்வளவு அடைந்தது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு மச்சானின் கையைக் காட்டி உங்கள் கணவரை ஒப்பிடாதீர்கள். நிக்காஹில் மாப்பிள்ளைக்கு இன்ன கம்பெனிக் கடிகாரம் வேண்டும் என்று பெண் வீட்டாரிடம் கேட்கும் வழக்கம் சில ஊர்களில் புகுந்திருக்கிறது. அது கைக்கூலியின் மறுபெயர். அதைத் தடுத்து நிறுத்துங்கள்.

சபுர் போகும் சகோதரர்களே! வாங்க ஆசை வந்தால் ஒரு தாளை எடுத்து, கொடுக்கவேண்டிய கடன், மஹர், ஜகாத், பெற்றோரின் தேவை ஆகியவற்றை எழுதுங்கள். அவை தீர்ந்தபின் மிச்சம் இருந்தால் தங்கமில்லாத நல்ல கடிகாரத்தை, ரொக்கம் கொடுத்து, பில்லோடு வாங்கி, நேர்வழியில் கொண்டு வாருங்கள். வாங்கும் அன்றே ஓர் ஏழை மாணவனின் படிப்புக்கோ ஒரு நோயாளியின் மருந்துக்கோ ஒரு பங்கை ஒதுக்குங்கள். பாங்கு சொல்லும்போது அந்தக் கை கடையை மூடிப் பள்ளியை நோக்கி நடக்கட்டும். அப்போது அந்தக் கடிகாரம் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும், எதிராக நிற்காது.

ஆயுளை எதில் கழித்தாய், செல்வத்தை எப்படிச் சம்பாதித்து எதில் செலவிட்டாய் என்று விசாரிக்கப்படும் வரை மறுமையில் அடியானின் பாதங்கள் நகராது என்று திர்மிதியில் வரும் நபிமொழி அறிவிக்கிறது. கைக்கடிகாரத்தில் அந்த இரண்டும் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. முள் காட்டுவது கழியும் ஆயுள். அதற்குக் கொடுத்தது செல்வம்.

வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலான சம்பாத்தியத்தையும், கடனில்லாத வாழ்வையும், பகட்டில்லாத உள்ளத்தையும், வக்துத் தவறாத தொழுகையையும் தந்தருள்வானாக! வெளிநாடுகளில் உழைக்கும் நம் சகோதரர்களை ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் அவரவர் குடும்பத்தாரிடம் சேர்த்து வைப்பானாக! ஆமீன்.